முருங்கைக் கீரையோடு தக்காளிச் சட்னி, தேநீர் பிறகு

கேள்வி: வயது 34. மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். காவடி விரதத்துக்குப் பிறகும் சைவ உணவையே தொடர்கிறேன். தினமும் பருப்பும் முருங்கைக் கீரையும் உண்டு. சாப்பிட்டதும் பால் சேர்த்த வெனிலா தேநீர் வேண்டும். ஹீமோகுளோபின் 10.8 என்கிறது ரிப்போர்ட். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராதா?

பதில்: சேரும், ஆனால் குறைவாக. இறைச்சியிலுள்ள ஹீம் வகை இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். தாவர இரும்பில் பெரும்பாலும் 10 சதவீதம்கூடத் தேறாது. இந்த அளவு நிலையானதும் அல்ல. உடம்பில் இரும்பின் கையிருப்பு குறையும்போது இரும்பு உறிஞ்சலைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் குறைத்துச் சுரக்கும். குடல் கூடுதலாக உறிஞ்சத் தொடங்கும். அந்த நேரத்தில் தட்டில் கீரையோடு வேறு என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் அந்தத் தேநீர் மேல்தான். தேயிலையில் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடலுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை, உறிஞ்சப்படும் அளவைப் பாதியைவிடக் கீழே இறக்கிவிடக்கூடும். பால் சேர்ப்பதால் பெரிதாக மாற்றம் இல்லை. தேநீரை விட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். காப்பிக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது வைட்டமின் சி. இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுவது அது. அதே வேளையில், அதே சாப்பாட்டில் இருந்தால்தான் பலன். காலையில் தின்ற கொய்யா மதியக் கீரைக்கு உதவாது. சந்தையில் 'ப்ரேத் முரூம்' என்று வாங்கிவரும் முருங்கைக் கீரையை வதக்கி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமினில் ஒரு பகுதி வீணாகும். நம் வீடுகளில் சமைக்காத தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்து அரைக்கும் 'போம் தமூர்' சட்னி இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஏழு கறிச் சாப்பாட்டில் வரும் ரசத்தின் புளிப்பும் கொஞ்சம் கைகொடுக்கும்.

பருப்பிலும் பயறிலும் உள்ள, இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இன்னொரு தடை. இரவில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முளைகட்டினாலும், இட்லி மாவைப் போலப் புளிக்கவைத்தாலும் அது குறையும்.

ஆனால் 10.8 என்பதைச் சமையலறையில் மட்டும் சரிசெய்ய நினைக்காதீர்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை. மருத்துவரிடம், உடம்பில் இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்திய வம்சாவளியினரிடம் காணப்படும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறும் ஹீமோகுளோபினைக் குறைக்கும். அதற்கு இரும்பு மாத்திரை தீர்வாகாது. ஆகவே, ஃபெரிட்டின் முடிவு கைக்கு வந்த பிறகே மாத்திரையைத் தொடங்குங்கள்.