வாசகர் கேள்வி: படகில் கண்ணாடியிழை டீசல் தொட்டி

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் வாடகைக்கு எடுத்த பட்டறையில் 6 மீட்டர் நீளமுள்ள பிளைவுட் படகு ஒன்றைக் கட்டி வருகிறேன். 60 லிட்டர் டீசல் தொட்டியைக் கண்ணாடியிழையில் நானே செய்ய எண்ணம். இடத்தை மிச்சப்படுத்தப் படகின் உடற்சுவரையே தொட்டியின் ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளலாமா? கைவசம் மிஞ்சியிருக்கும் பாலியெஸ்டர் ரெசின் போதுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: டீசல் என்பதால் துணிந்து செய்யலாம் என்கிறேன். பெட்ரோலாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அமெரிக்காவில் 2000களின் நடுப்பகுதியில் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியபோது, பழைய படகுகளின் பாலியெஸ்டர் தொட்டிகள் இளகி, கரைந்த ரெசின் இயந்திர வால்வுகளில் கறுப்புப் பசையாகப் படிந்தது.

உடற்சுவரைத் தொட்டியின் பக்கமாக்குவதை மட்டும் கைவிடுங்கள். அலையில் படகின் உடல் நெளியும்போது மூலை இணைப்பு விரிசல் காணும். அவ்வழியே டீசலைக் குடித்த பிளைவுட்டில் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. தொட்டியைத் தனியாகச் செய்து, கழற்றி வெளியே எடுக்கும்படி பொருத்துங்கள்.

மிஞ்சிய பாலியெஸ்டரை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு, தொட்டிக்கு எப்பாக்சி ரெசின் வாங்குங்கள். அதனுடன் நெய்த கண்ணாடித் துணியையே பயன்படுத்துங்கள். துண்டு இழைகளைப் பாயாகச் சேர்த்த வெட்டிழைப் பாயில் பல வகைகளைப் பிணைக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும் என்பதால், எப்பாக்சியில் அந்தப் பாய் சரியாக நனையாமல் விறைத்து நிற்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. என் முதல் தொட்டியில், மழை நாளில் பூசிய எப்பாக்சியின் மேல் மறுநாள் படிந்திருந்த மெழுகு போன்ற வழுவழுப்பைக் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டுவிட்டேன். ஆறே மாதத்தில் உட்பூச்சு வெங்காயத் தோலாக உரிந்து வடிகட்டியை அடைத்தது. வெறும் தண்ணீரும் தேய்க்கும் நாரும் போதும். அந்தப் படலம் போய்விடும்.

பெரும்பாலான வீட்டுத் தொட்டிகள் கசிவது மேல்மூடி ஒட்டும் இடத்தில்தான், ஏனென்றால் கடைசியாகப் போடும் அந்த இணைப்பின் உட்புறத்தை நீங்கள் பார்க்கவே முடியாது. ஆகவே நான்கு சுவர்களின் மேல்விளிம்பிலும் உள்நோக்கி 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை விட்டு, அதன்மேல் மூடியை ஒட்டுங்கள். கை நுழையும் அளவுக்கு ஓர் ஆய்வுத் துவாரமும் வைத்தால், உள்ளிருந்தும் துணி ஒட்டலாம், பின்னாளில் அடியில் தங்கும் கசடையும் வழிக்கலாம். டீசல் அலம்பாமலிருக்கத் தொட்டிக்குள் வைக்கும் தடுப்புப் பலகைகளின் கீழ் மூலைகளில் டீசலுக்கும் மேல் மூலைகளில் காற்றுக்கும் வழி விடுங்கள். குழாய்கள் எல்லாம் மேல்மூடி வழியாகவே போகட்டும்.

உல்லாசப் படகுக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் தேவை என்பதால், தளத்தை மூடுமுன் தொட்டி பற்றி அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

சோதனைக்கு அழுத்தக் காற்றை நாடாதீர்கள். தொட்டி வெடித்தால் சில்லு பறக்கும். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, மற்ற துளைகளை அடைத்து, காற்றுத் துளையில் 2 மீட்டர் உயரக் கண்ணாடிபோன்ற குழாயை நிறுத்தி, அதையும் நிரப்புங்கள். தட்டைச் சுவர்கள் உப்பி முதலில் மட்டம் சற்றே இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நிரப்பி, அப்போதைய மட்டத்தில் நாடாவை ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள்.