லேசர் ஆகாதுன்னுட்டாங்க, வேற வழி இருக்கா டாக்டர்?

கேள்வி: வயசு 26, ஊரு காரிமங்கலம், ஓசூர்ல கம்பெனி வேலை. ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 8. கருவிழி (கார்னியா) தடிமன் 470 மைக்ரான்தான் இருக்கு, கண்ணாடிய கழட்ட லேசர் பண்ண வேணாம்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி லென்ஸ் போட்டு தூங்கினா போதும்ங்கறாங்க, கண்ணுக்குள்ளயே லென்ஸ் வைக்கலாம்ங்கறாங்க. எது நல்லது?

பதில்: தம்பி, வேணாம்னு சொன்ன டாக்டர் உங்களுக்கு நல்லதுதான் பண்ணிருக்காரு. கணக்கு பாருங்க, ஒரு பவருக்கு சுமாரா 12லருந்து 15 மைக்ரான் செதுக்கணும், உங்க 8க்கு நூறுக்கு மேல போயிடும், லாசிக்ல மூடி மாதிரி தூக்குற ஃப்ளாப்புக்கு இன்னொரு நூறு சொச்சம், மிச்சம் 250ஐ ஒட்டி வந்து நிக்கும், அதுல கை வைக்கவே கூடாது. ஸ்மைல்னு விளம்பரம் வருதே, அதுவும் லேசர்தான், அதுவும் செதுக்கறதுதான்.

ராத்திரி லென்ஸ் அதாவது ஆர்த்தோ-கே, கருவிழிய அமுக்கி பகல்ல பார்வை தெளிவாக்கும், ஆனா மைனஸ் 6 வரைக்கும்தான் அதுக்கு அளவு, உங்களுக்கு பத்தாது. போடறத விட்டா பவர் பழையபடி வந்துடும். அத போர் தண்ணில கழுவிட்டு கண்ணு சீழ் புடிச்சு வர்றவங்களும் உண்டு. கண் பயிற்சி, மூலிகை சொட்டுன்னு வாட்ஸ்அப்ல வர்றத டெலிட் பண்ணிடுங்க.

உங்களுக்கு பொருந்தக்கூடியது ஐசிஎல், அதாவது நீங்க கேட்ட கண்ணுக்குள்ள வைக்கற லென்ஸ். கண்ணு மரத்துப்போக சொட்டு விட்டு, ஓரத்துல 3 மில்லிமீட்டர் அளவுக்கு கீறி, மடிச்ச லென்ஸ உள்ள விட்டு, ஐரிஸுக்கு (பாப்பாவ சுத்தி இருக்கற நிறமான வளையம்) பின்னாடி, நம்ம சொந்த லென்ஸுக்கு முன்னாடி விரிச்சு வைப்பாங்க, தையல் பெரும்பாலும் கிடையாது, கருவிழில எதையும் செதுக்கல, பின்னாடி வேணும்னா எடுத்துடலாம். அதுக்காக சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, கண்ணுக்குள்ள போற ஆபரேஷன் இது. சைஸ் தப்புனா கண் பிரஷர் ஏறலாம், சீக்கிரமே கேட்ராக்ட், அதாவது கண்புரை வரலாம், ராத்திரி பைக் லைட்ட சுத்தி வளையம் தெரியறதா சிலர் சொல்றாங்க. செலவும் லேசர விட அதிகம்.

ஐசிஎல் வைக்கணும்னா கண்ணு முன்னறை (கருவிழிக்கும் சொந்த லென்ஸுக்கும் நடுவுல இருக்கற இடம்) ஆழம் 3 மில்லிமீட்டராவது இருக்கணும், எண்டோதீலியல் செல் (கருவிழியோட உள்பக்க செல்) போதுமான அளவு இருக்கணும், பவர் ஒரு வருஷமா மாறாம இருக்கணும். கருவிழி மெலிசா இருக்கறதால டோபோகிராஃபில (கருவிழி வடிவத்த பாக்கற ஸ்கேன்) கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி துருத்தற நோய்) இல்லன்னு தெளிவா கேட்டுக்கோங்க, கண்ண கசக்கற பழக்கம் இருந்தா இன்னிக்கே விடுங்க. ஐசிஎல் வச்சாலும் உங்க விழித்திரை மைனஸ் 8 ஆளோட விழித்திரைதான், வருஷா வருஷம் பாக்கணும், திடீர்னு மின்னல் மாதிரி வெளிச்சமோ கரும்புள்ளியோ தெரிஞ்சா அன்னைக்கே ஓடணும்.

கண்ணாடியே போதும்னு இருந்தாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது, பொண்ணு பாக்க வர்றவங்களுக்காக மட்டும் கண்ண வெட்டிக்காதீங்க.

இந்த ஸ்கேனுக்கு முன்னாடி, சாஃப்ட் லென்ஸ் போடறவரா இருந்தா ரெண்டு வாரம் நிறுத்துங்க, பழைய கண்ணாடி சீட்டெல்லாம் எடுத்துட்டு போங்க. கண்ணு பாப்பாவ (நடுவுல இருக்கற கருப்பு வட்டம்) பெருசாக்க சொட்டு விடுவாங்க, சில மணி நேரம் கூசும், சேலத்துல காட்டிட்டு தொப்பூர் கணவாய்ல பைக்ல வராம பஸ்ல வாங்க.