ரொட்டிக்கடைக்காரரைக் காட்டிக்கொடுத்த பையன்

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 6இல் படிக்கிறான். நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தான். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் ஒரு சிறுவன் இளைஞர் படையில் சேர்ந்து, கடைசியில் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரரையே காட்டிக்கொடுக்கிறான். அவனுக்குத் தண்டனையே இல்லை. “அவன் பாவம்மா” என்கிறான் என் மகன். மனம் கெட்டுவிடுமோ? துணைப்பாட நிலையத்தில் இதற்குச் சுருக்கக் குறிப்பு விற்கிறார்களாம், வாங்கிக் கொடுக்கட்டுமா? – செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: குறிப்பை வாங்காதீர்கள். புத்தகத்தையும் பிடுங்காதீர்கள்.

குறிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், எனக்கு அது பழைய வயிற்றெரிச்சல். இதே மாதிரி ஒரு கதைக்கு ஒரு நிலையம் விற்ற குறிப்பைப் பார்த்தேன். நாற்பது வெள்ளி. கடைசி வரி: ‘படிப்பினை: தீயவர் தண்டிக்கப்படுவர்.’ கதையில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை! எழுதியவர் கதையைப் படித்திருந்தால்தானே. அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? கதை என்றாலே வாலில் ஒரு படிப்பினை கட்டு, இரண்டு மதிப்பெண் வாங்கு என்று பிள்ளைகளைப் பழக்கி வைத்திருப்பது நாம்தான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். “பாவம்” என்று சொன்னானே, அது நல்ல அறிகுறி. ஹிட்லரின் இளைஞர் படையில் பிள்ளைகளை 10 வயதிலேயே சேர்த்தார்கள்; 1939இல் அது கட்டாயமானது. யாரும் அவர்களிடம் “கெட்டவனாக இரு” என்று சொல்லவில்லை. முகாம், முரசு, பாட்டு, சீருடை, தோளில் தட்டிக்கொடுக்கும் ஒரு அண்ணன். எந்தப் பையனுக்குத்தான் பிடிக்காது? நல்ல எழுத்தாளர் முதலில் அந்தச் சந்தோஷத்தை வாசகனுக்கும் ஊட்டுவார். பிறகுதான் ரொட்டிக்கடை வரும்.

அந்தக் காலத்து ஜெர்மன் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கணக்கு. மனநலக் காப்பகம் கட்ட 60 லட்சம் மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) ஆகிறது. ஒரு வீட்டுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம்? விடை 400. உங்கள் மகன் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவான், முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். நோயாளிகள் எங்கே போவார்கள் என்று கணக்கு கேட்கவில்லை. கெடுவது அங்கேதான்.

கெடுக்கவென்றே எழுதிய புத்தகமும் இருந்தது. 1938இல் வந்த ஒரு சிறுவர் நூலில் அம்மாவும் மகனும் காட்டில் காளான் பறிக்கிறார்கள். நல்ல காளான், நச்சுக் காளான் என்று காட்டிவிட்டு, மனிதர்களிலும் நச்சு உண்டு, அது யார் என்று கேட்கிறாள் அம்மா. யூதர்கள் என்று பையன் டக்கென்று சொல்ல, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. படிப்பினை பளிச்சென்று இருக்கிறது, பாருங்கள்! உங்கள் மகன் படிக்கும் நாவலில் அது இல்லையே என்றுதானே கவலைப்படுகிறீர்கள்?

ஜெர்மனி எங்கேயோ இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 1942இல் இங்கே, ஜப்பானியப் படை சீனர்களை வடிகட்டிக் கொன்ற ‘சூக் சிங்’ சோதனையில் முகமூடி போட்டவர்கள் தலையை ஆட்டித்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாவலை மூடிவிட்டு அவன் கைப்பேசியில் அந்தப் படையின் அணிவகுப்புக் காணொளிகளைத் தேட ஆரம்பித்தால், சின்னங்களை நோட்டில் வரைந்தால், வகுப்பில் ஓர் இனத்தவரை வைத்துக் கேலி பேசினால், அப்போது உட்கார்ந்து பேசுங்கள். ஒருமுறை தேடினால் பரவாயில்லை, ஆர்வம்தான். வாரக்கணக்கில் தேடினால், அதுவும் நீங்கள் அறைக்குள் வந்ததும் திரையை மாற்றினால், அது வேறு கதை. 2020 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்ட 16 வயது மாணவர் நம் இந்திய சமூகத்துப் பிள்ளை. பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டவர். அவரைக் கெடுத்தது நாவல் அல்ல, இணையம். அந்த நிலை வந்தால் பள்ளி ஆலோசகரிடம் போங்கள், துணைப்பாட ஆசிரியரிடம் அல்ல.

மற்றபடி அவனிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: “நீ அவனாக இருந்திருந்தால் எந்தப் பக்கத்தில் படையை விட்டு வெளியே வந்திருப்பாய்?” எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கத்தை நீங்களும் படியுங்கள். தவணை முடியப் போகிறது என்றால் நூலகச் செயலியிலேயே நீட்டித்துக்கொள்ளலாம்.