சம்பள உயர்வைத் தின்னும் இரண்டாவது கார்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பல்லாரட்டில் மூன்று வருடமாக இருக்கிறோம். 491 விசாவில் (ரீஜனல் பகுதிக்கான தற்காலிக விசா) வந்தோம், இப்போது 191 (நிரந்தர விசா) கிடைத்துவிட்டது. மனைவி இங்கேயே நர்ஸ், ஷிப்ட் வேலை. மூன்று வயதில் ஒரு பையன், சைல்ட்கேர் போகிறான். எனக்கு மெல்பர்ன் டாக்லண்ட்ஸில் புது வேலை கிடைத்திருக்கிறது. வாரம் மூன்று நாள் ஆபீஸுக்குப் போக வேண்டும், சம்பளம் இப்போது வாங்கும் 95,000 டாலரைவிட 15,000 கூடுதல். இருக்கும் ஒரே காரை மனைவி எடுத்துப் போகிறார். 25,000 டாலர் கடனில் இன்னொரு கார் வாங்கலாமா, அல்லது ரயிலா? நண்பர்கள் எல்லோரும் ‘காரே வாங்கு, டாக்ஸில் கழித்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த நண்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் செலவை டாக்ஸில் கழிக்க முடியாது. காராக இருந்தாலும் சரி, ரயிலாக இருந்தாலும் சரி, தூரம் நூறு கிலோமீட்டரைத் தாண்டினாலும் சரி, அது சொந்தச் செலவு. ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு சென்ட் என்று வரித்துறையான ஏடிஓ தரும் கணக்கு, வேலை நேரத்தில் ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்கு ஓட்டுகிறவர்களுக்கு. அந்த நினைப்பில் கார் வாங்கிவிட்டு ஜூலையில் அக்கவுண்டன்ட் முன்னால் உட்கார்ந்து முழிப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 15,000 கூடுதல் என்கிறீர்கள். நீங்கள் இருக்கும் வரம்பில் 30 சதவீத வரி, அரசு மருத்துவத் திட்டத்துக்கான மெடிகேர் லெவி 2 சதவீதம், ஆக 4,800 போய்விடும். கைக்கு வருவது 10,200. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கார் வாங்கினால் என்ன ஆகும்? 25,000 கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 519 டாலர், வருடத்துக்கு 6,228. போகவர 230 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் குடிக்கும் வண்டி, லிட்டர் 1.90 என்று பிடித்தால் ஒரு நாளுக்கு பெட்ரோல் மட்டும் 33 டாலர் பக்கம் வரும், வாரம் மூன்று நாள், லீவு போக 46 வாரம் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு. பார்க்கிங், காலையில் சீக்கிரம் வருவோருக்கான ஏர்லி பேர்ட் விலையிலேயே நாளுக்கு 20 என்று போடுங்கள், 2,760. ரெஜோ (வண்டிப் பதிவுக் கட்டணம்), இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 2,500 என்று நான் குறைத்தே போடுகிறேன். கூட்டினால் 16,000. வெஸ்ட் கேட் பாலம் வழியாக வந்தால் டோல் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல், அதுவும் காலை ஏழரை மணிக்கு அந்தப் பாலத்தில் நிற்கும்போது ஆறுதலாக இருக்காது.

அதாவது கைக்கு வருவது 10,200, கார் தின்பது 16,000. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதற்குப் பழைய வேலையிலேயே இருக்கலாம், தினமும் பையனோடு விளையாட ஒரு மணி நேரமாவது மிஞ்சும்.

இப்போது ரயில். 2023 மார்ச் 31 வரை விக்டோரியாவில் வெளியூர் ரயிலுக்கு தூரத்தைப் பொறுத்து டிக்கெட்; அன்றிலிருந்து மாநிலத்தில் எந்த ஊரிலிருந்து வந்தாலும் மெல்பர்ன் நகரத்துக்குள் ஒரு நாள் சுற்றும் கட்டணம்தான் உச்சவரம்பு. 2025-இல் அது 11 டாலர். போக, வர, இடையில் மெல்பர்னில் டிராம் ஏறினால் அதுவும், பல்லாரட்டில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு பஸ் பிடித்தால் அதுவும் இந்த 11-க்குள் அடக்கம். வாரம் 33, வருடம் 1,518. கட்டணம் அவ்வப்போது கொஞ்சம் ஏறும், ஏறட்டும், பெட்ரோல் செலவில் பாதியைக்கூடத் தொடாது. கையில் சுமார் 8,700 டாலர் நிற்கும்.

டாக்லண்ட்ஸ் என்பது உங்கள் அதிர்ஷ்டம். சதர்ன் கிராஸ் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். இதே வேலை நகருக்குத் தென்கிழக்கே தள்ளியிருக்கும் கிளேட்டனிலோ டாண்டெனாங்கிலோ இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன்.

பாதி வழி காரில் போய் பக்கஸ் மார்ஷிலோ மெல்டனிலோ நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. தூரத்துக்குக் கட்டணம் இருந்த காலத்தில் அதில் லாபம் இருந்தது. இப்போது எங்கே ஏறினாலும் அதே உச்சவரம்பு, ஆகவே ரயில் அடிக்கடி கிடைக்கும் என்பதைத் தவிர ஒரு பைசா பிரயோசனமில்லை.

அப்புறம், மைகியில் (ரயில், டிராம், பஸ்ஸுக்கான கார்டு) பாஸ் வாங்காதீர்கள். ஏழு நாள் பாஸின் விலை ஐந்து நாள் கட்டணம், 2025-இல் 55 டாலர். வாரம் மூன்று நாள் போகிறவர் கார்டில் பணம் போட்டு, போன நாளுக்கு மட்டும் கொடுப்பதே மலிவு. நாலு நாள் போனாலும் அதே கணக்கில் 44 தான்.

ரயிலில் குறை இல்லையா என்றால் இருக்கிறது. வண்டியில் மட்டும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒரு பக்கம் இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாள வேலை வந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அன்று நேரம் இன்னும் இழுக்கும். உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் பணமே அல்ல, சைல்ட்கேர் மூடும் நேரம்தான். மனைவிக்கு மாலை ஷிப்ட் இருக்கும் நாளில் நீங்கள் மெல்பர்னில் மாட்டிக்கொண்டால் பையனை யார் கூட்டிவருவது? எந்த மூன்று நாள் என்று வேலைக்கு கையெழுத்துப் போடும் முன்பே பேசி, அந்த நாட்களை மனைவியின் ரோஸ்டர் வந்தபின் மாற்றிக்கொள்ளும் சலுகையை எழுத்தில் வாங்குங்கள். ரயிலில் லேப்டாப்பைத் திறந்து செய்யும் ஒரு மணி நேரத்தை வேலை நேரமாக எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். சில மேனேஜர்கள் சரி என்பார்கள், கேட்காதவருக்குத்தான் கிடைக்காது. இதற்குமேல் மிஞ்சிய 8,700-இல் ஒரு ஆயிரத்தைத் தனியாக வையுங்கள், அவசர நாளில் டாக்ஸிக்கோ வாடகைக் காருக்கோ. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக ஏற்கெனவே வீட்டில் உள்ள கார் போதும்.

இன்னொன்று, சம்பளம் ஏறும்போது சைல்ட்கேர் கட்டணத்துக்கு அரசு தரும் சப்சிடி இறங்கும். குடும்ப வருமானம் ஒவ்வொரு 5,000 கூடும்போதும் ஒரு சதவீதம் குறைவதால், உங்களுக்கு மூன்று சதவீதம் போகும். அந்தச் சப்சிடியைக் கவனிக்கும் அரசு அலுவலகமான சென்டர்லிங்கில் வருமான மதிப்பீட்டை வேலையில் சேர்ந்த வாரமே மாற்றிவிடுங்கள், வருட முடிவில் கடன் நோட்டீஸ் வந்து நிற்க வேண்டாம்.

யாராவது எலக்ட்ரிக் காரை நோவேட்டட் லீஸில் (கம்பெனி வழியாகச் சம்பளத்திலிருந்தே தவணை பிடிக்கும் ஏற்பாடு) எடுக்கச் சொல்வார்கள். எஃப்பிடி (கம்பெனி தரும் சலுகைகள் மீதான வரி) விலக்கு உண்மைதான், நல்ல சலுகைதான். ஆனால் வரி இல்லாவிட்டாலும் அந்தச் சலுகையின் மதிப்பு உங்கள் வருமானக் கணக்கில் ரிப்போர்ட் ஆகும், சப்சிடி அங்கேயும் அடிபடும். எப்படியும் இரண்டாவது கார் தேவை என்று முடிவான குடும்பத்துக்கு அது பொருந்தும். உங்களுக்கு அந்தத் தேவை இன்னும் வரவில்லை.

வீட்டுக் கடன் இருந்தால், காருக்குக் கட்டியிருக்க வேண்டிய 519-ஐ மாதாமாதம் ஆஃப்செட் கணக்கில் (அதில் இருக்கும் பணத்தின் அளவுக்குக் கடனுக்கு வட்டி கிடையாது) போடுங்கள். 6 சதவீதக் கடன் என்றால் ஐந்து வருடத்தில் சுமார் 36,000 டாலருக்குச் சமம், அதே ஐந்து வருடத்தில் அந்தக் காரின் விலை எங்கே நிற்கும் என்று விற்பவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்கும் 491-காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் விசா நிபந்தனைப்படி ரீஜனல் பகுதியில்தான் வசிக்கவும் வேலை செய்யவும் வேண்டும், மெல்பர்ன் அதில் வராது. இந்தக் கணக்கெல்லாம் 191 கைக்கு வந்தபிறகு.

ஆறு மாதம் ரயிலில் போய்ப் பாருங்கள். மனைவிக்கு நைட் ஷிப்ட் அதிகமானாலோ, ஆபீஸ் ஐந்து நாள் வரச் சொன்னாலோ திரும்ப எழுதுங்கள், வேறு கணக்குப் போடுவோம்.