கெண்டிச் செடிக்கு ஏன் இலை பழுக்கிறது?

தெஹிவளையில் என் வீட்டுப் பல்கனியில், இலை நுனிக் கெண்டியால் பூச்சி பிடிக்கும் கெண்டிச் செடிகள் நான்கு தொங்குகின்றன. பள்ளியில் தாவரவியல் கற்பித்த காலத்தில் படம் வரைந்து காட்டிய செடியை, ஓய்வு பெற்ற பிறகுதான் கையால் தொட்டு வளர்க்கத் தொடங்கினேன். இம்முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி இலையின் நிறத்தைப் பற்றியவை.

டீச்சர், செடி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இலைகள் மஞ்சளாகின்றன. வாரம் ஒருமுறை பசளைக் கரைசல் ஊற்றியும் தேறவில்லை. பசளை போதவில்லையா? (வெள்ளவத்தை, நான்காம் மாடி)

அந்தப் பசளைதான் செடியை வாட்டுகிறது, மகள். சத்தில்லாத மண்ணில் பிழைக்கப் பழகிய செடி இது. நைதரசனைப் பூச்சியிடமிருந்து கெண்டி வழியாக எடுத்துக்கொள்ளும். ரோசாவுக்கு ஊற்றுவதை இதற்கு ஊற்றினால் வேர் கருகும்.

முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியில் இருக்கும் ஒன்றிரண்டு மட்டும் என்றால் அது முதுமை, விட்டுவிடுங்கள். நடு இலைகளின் ஓரம் பழுப்பாகி, சாடியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்பு. மழைத் தண்ணீரைச் சாடி நிறைய ஊற்றி, அடியால் முழுவதும் வடியவிடுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். அதற்கும் தேறாவிட்டால் சாடி மாற்றுவதே வழி.

என்ன கலவையில் நட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தேங்காய்த் தும்பும் பொச்சுத் துண்டும் நம் ஊரில் மலிவு, நல்லவையும்கூட. ஆனால் பொச்சைச் சவர்த் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் கரையோரத்தில் உண்டு. அந்த உப்பு தும்போடு வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே பயன்படுத்துங்கள். என் முதற்செடியை நான் கொன்றது இப்படித்தான். உப்பு மிகுந்த பக்கம் நீர் இழுபடும் சவ்வூடுபரவலை மாணவர்களுக்கு இருபது வருடம் விளக்கியவள், தும்பைக் கழுவ மறந்துவிட்டேன்!

குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? நாங்கள் கொதித்தாறிய தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (கொட்டாஞ்சேனை)

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சிய தண்ணீரில் உப்பு சற்றுக் கூடவும் செய்யும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மென்மையானது. வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் வாடையும் குறையும். அவசரத்துக்குப் பாதகமில்லை. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் கிடையாது. கூரையிலிருந்து பிடிப்பதானால் முதற்பத்து நிமிட மழையை ஓடவிடுங்கள், தூசி போய்விடும். மழை இல்லாத மாசி மாதத்தில் நான் குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்க்கிறேன். அதில் கனிமம் அநேகமாக இல்லை. கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி வைத்திருப்பவர்கள் 50 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே வைத்துக்கொண்டால் கவலையில்லை.

இலைகள் சிவந்துவிட்டன. நோயா? (பம்பலப்பிட்டி)

பெரும்பாலும் வெயில். வெளிச்சம் கூடும்போது இலை சிவப்பு நிறமியை உண்டாக்கிக்கொள்ளும். இலை திடமாக இருந்து, புதுக் கெண்டிகளும் வந்தால் மகிழ்ச்சியோடு இருங்கள். வெளிறி, காய்ந்த திட்டுகள் விழுந்தால் அது சூடுபட்ட தழும்பு. ஆறாது, ஆனால் பரவவும் மாட்டாது. கடற்பக்கப் பல்கனி என்றால் பின்னேர வெயிலையும் உப்புக் காற்றையும் மறைக்க ஒரு வலை கட்டுங்கள். காலை வெயில் நல்லது.

புதுக் கெண்டி மொட்டாக இருக்கும்போதே கறுத்துவிடுகிறது. செடி வரவேற்பறையில் இருக்கிறது. (கொள்ளுப்பிட்டி)

குளிரூட்டி ஓடும் அறையா, ஐயா? காற்று வறண்டுபோகும், வெளிச்சமும் போதாது. கொழும்பின் புழுக்கத்தை நாம்தான் திட்டுகிறோம். கெண்டிச் செடிக்கு அது சொர்க்கம். வெளியே தூக்கி வையுங்கள், ஆனால் உடனே முழு வெயிலில் அல்ல. முதிர்ந்த கெண்டி மூடியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால் அது இயல்பு. காய்ந்த கெண்டியை மட்டும் வெட்டுங்கள். கெண்டி என்பது இலை நுனியின் நீட்சி. பச்சை இலை இன்னும் செடிக்குச் சோறு போடுகிறது.

டீச்சர், நான் கெண்டிக்குள் கோழி இறைச்சித் துண்டு போட்டேன். இப்போது நாறுகிறது. (பத்தாம் வகுப்பு மாணவன்)

நாறாமல் என்ன செய்யும், மகன்? அந்தக் கெண்டியை வெட்டிவிடு. வெளியே தொங்கும் செடி தனக்கு வேண்டிய எறும்பையும் இலையானையும் தானே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் என்றால் மாதம் இரண்டு எறும்பு போதும்.

நுளம்பு பெருகும் என்று பரிசோதகர் சொல்கிறார். செடியை எறிய வேண்டுமா? (வெள்ளவத்தை)

பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு வாதாடாதீர்கள். டெங்கு நம் ஊரில் விளையாட்டல்ல. முதலில் சாடிக்குக் கீழே உள்ள தட்டைப் பாருங்கள். கெண்டிச் செடிக்குத் தேங்கிய தண்ணீர் பிடிக்காது, வேர் அழுகும். ஆகவே தட்டே தேவையில்லை. தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை ஊற்றிவிட்டு, பக்கங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். செத்த கெண்டியில் மழைத் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

வீனஸ் ஃப்ளைட்ராப் கறுத்துச் சாகிறது. (தெஹிவளை)

அதுவும் பூச்சி பிடிக்கும் செடிதான், ஆனால் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களுடையது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உறங்க வேண்டும். கொழும்பில் உறக்கமில்லாமல் களைத்துப்போகும். நுவரெலியாவில் உறவினர் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள்.

சிங்கராஜவில் காட்டுக் கெண்டி பார்த்தேன். ஒரு சிறு செடி எடுத்து வரலாமா? (நுகேகொடை)

கூடாது, தம்பி. அது சிங்களத்தில் பாந்துரா என்று அழைக்கப்படும் கொடி. தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் இட்ட அறிவியற்பெயர் நெப்பந்திஸ் டிஸ்டிலடோரியா. உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. சிங்கராஜ 1988 முதல் உலக மரபுரிமைக் காடு. அங்கே ஓர் இலை பறிப்பதும் குற்றம். கடையில் வென்ட்ராட்டா என்ற கலப்பினத்தைக் கேட்டு வாங்குங்கள், முரட்டுச் செடி. தண்டுத் துண்டிலிருந்தே முளைக்கும். தெரிந்தவர் வீட்டில் இருந்தால் காசும் மிச்சம்.

இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ இருக்கிறது. இலையும் திட்டுத் திட்டாக மஞ்சள். (மட்டக்குளி)

மாப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். சில எறும்புகள் இரையாகாமல் மாப்பூச்சிக்குக் காவல் இருக்கும். பூச்சி ஒழியும்வரை அந்தச் செடியைத் தனியே வையுங்கள். சோம்பலில் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், பக்கத்தில் தொங்கிய மூன்று ஓர்க்கிட்டும் போய்விட்டன.