மிசோரா ஹிபாரி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஜப்பானியப் பாடகி ஹிபாரியை எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: 1952-இல் வந்த 'ரிங்கோ ஒய்வாகே'. 15 வயதை ஒட்டிய பெண்ணின் குரல் அது. தாளத்துக்குள் அடங்காமல் நாட்டுப்புற இழுப்போடு நீள்கிறது. நெஞ்சுக்குரலிலிருந்து மென்குரலுக்கு அவர் ஏறும் இடத்தில் தையல் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: தன் பழைய பாடல்களை அவர் பிற்காலத்தில் மறுபடியும் பதிவு செய்திருக்கிறார். ஆண்டு பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி: சிறு வயதிலேயே எல்லோரும் கொண்டாடினார்களா?

பதில்: இல்லை. யோகொஹாமாவில் மீன்கடைக்காரரின் மகளாக 1937-இல் பிறந்தவர். 1946-இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. வானொலியின் பாட்டுப் போட்டியில் பாடியபோது தேர்ச்சி மணி அடிக்கவில்லை. பெரியவர்களைப் போலப் பாடும் குழந்தையை எப்படி மதிப்பிடுவது என்று நடுவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றே ஆண்டில், உயரத் தொப்பியும் வால்கோட்டும் அணிந்து அவர் நடித்த 'கனாஷிகி குசிபுயே' படம் அவரை நாடறியச் செய்தது.

கேள்வி: உலகப் புகழ்பெற்ற ஜப்பானியப் பாட்டு 'சுகியாகி' அவர் பாடியதுதானே?

பதில்: அதைப் பாடியவர் சகாமோட்டோ கியூ என்ற பாடகர்.

கேள்வி: அவரை என்கா என்ற ஜப்பானிய உருக்கப் பாட்டு வகையின் அரசி என்கிறார்களே?

பதில்: அந்தப் பட்டத்தோடு நிறுத்தினால் பாதி ஹிபாரியை இழப்பீர்கள். என்கா என்ற பெயர் இன்றைய பொருளில் நிலைத்ததே 1960-களின் பிற்பகுதியில்தான். அவருடைய முதல் இசைத்தட்டு 1949-இல் வந்த, பூகி என்ற அமெரிக்கத் துள்ளல் தாளத்தில் அமைந்த பாட்டு. அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலின் பாடல்களுக்கென்று ஒரு தொகுப்பே பாடினார். 1966-இல் 'கனாஷி சாகே'யில் கண்ணீர் வழியப் பாடியவர், அடுத்த ஆண்டே மின்கிதார் குழுவோடு 'மக்கானா தையோ' பாடி ஆடினார். மறுபடியும் சொல்கிறேன், ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: எந்தப் பாட்டை முதலில் கேட்கலாம்?

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி: 2019-இல் செயற்கை நுண்ணறிவு அவரைப் பாட வைத்ததே, சரியா?

பதில்: யமஹாவின் தொழில்நுட்பத்தில், பழைய பதிவுகளிலிருந்து குரலைக் கற்பித்து 'அரேகாரா' என்ற புதுப் பாட்டை உருவாக்கினார்கள். என்.எச்.கே.யின் ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சியான கோஹாகுவிலும் அது வந்தது. பாடியதுகூடப் பொறுக்கலாம். நடுவே, செயற்கையாக உருவாக்கிய அவருடைய உருவம், "வெகுநாளாயிற்று, உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்று பேசுகிறது. ஹிபாரி ஒருநாளும் சொல்லாத சொற்கள். அதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: குடும்பம் சம்மதித்தது. ரசிகர்கள் அழுதார்கள். உங்களுக்கு என்ன?

பதில்: அழுதவர்களின் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. 'ரிங்கோ ஒய்வாகே'யிலும் நடுவில் வசனம் உண்டு. டோக்கியோவில் இறந்த தாயை நினைத்து வட ஜப்பானின் சுகாரு வட்டாரப் பெண் பேசுவது. எந்த இடத்தில் குரலை உடைப்பது, எங்கே அடக்குவது என்று அவரே தீர்மானித்தார். அந்தத் தீர்மானம்தான் பாடகி. குடும்பம் பதிவுகளைத் தரலாம், அந்தத் தீர்மானத்தைத் தர முடியாது. பாடகர் யமாஷிதா தட்சுரோவும் இதை அவமதிப்பு என்றே சொன்னார்.

கேள்வி: 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் ரஹ்மான் செய்ததும் இதுதானே?

பதில்: மறைந்த இரு பாடகர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டு, குடும்ப அனுமதியும் ஊதியமும் தந்து, ஒரு பாட்டுக்குப் பயன்படுத்தினார். அதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் இறந்தவர் ரசிகரிடம் நேரே பேசுவதுபோல் காட்டுவது வேறு.

கேள்வி: 1973-இல் கோஹாகுவில் ஏன் இல்லை?

பதில்: தம்பியின் குற்ற வழக்குகளும் ரௌடிக் கும்பல் தொடர்பும். தம்பியை அவர் கைவிடவில்லை.

கேள்வி: கடைசிக் காலம்?

பதில்: 1987-இல் தொடை எலும்பு நோயும் கல்லீரல் நோயுமாக ஃபுகுவோகாவில் மருத்துவமனையில் படுத்தார். 1988 ஏப்ரல் 11-இல் டோக்கியோ டோம் அரங்கில் ஏறக்குறைய 40 பாட்டுகள் பாடி, முடிவில் நீண்ட மேடைப் பாதையை நடந்தே கடந்தார். 1989 ஜூன் 24-இல், 52 வயதில் மறைந்தார். ஜப்பான் அரசின் மக்கள் கௌரவ விருது பெற்ற முதல் பெண் அவர்தான், அதுவும் இறந்த பிறகு.

கேள்வி: ஜப்பான் போகிறேன், எங்கே பார்க்கலாம்?

பதில்: யோகொஹாமாவின் நோகே பகுதியில் சிலை. நேரமிருந்தால் ஃபுகுஷிமாவின் ஷியோயாசாகி கலங்கரை விளக்கம், அவர் பாடிய 'மிதாரேகாமி' பாட்டின் நினைவுக்கல் அங்கே.