வாசகர் கேள்வி–பதில்: மோர்ச்சா (போராட்ட ஊர்வலம்) முடிந்த பிறகு என்ன எழுதுவது?

சென்ற இதழில் 1982 மும்பை பஞ்சாலை (மில்) வேலைநிறுத்தம் பற்றிக் கட்டுரை எழுதிய தாராவி மாணவி, வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார். வரலாற்றில் முதுகலை படித்துக்கொண்டிருக்கிறார்.

கே: எழுத்தாளராக ஆசை என்கிறீர்கள். கதை, கவிதை என்று படிக்காமல் போராட்டங்களைப் போய்ப் படிப்பானேன்?
– வாசகி, மாட்டுங்கா

ப: 2018 மார்ச்சில் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன் அம்மா. நாசிக்கிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து வந்த விவசாயிகள், 30,000 பேருக்கும் மேல், எங்கள் தாராவிக்குப் பக்கத்தில் சயான் சோமையா மைதானத்தில் தங்கினார்கள். 12-ஆம் தேதி காலையில் கிளம்பினால் பரீட்சைப் பிள்ளைகள் நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள் என்று, பகலெல்லாம் நடந்த களைப்போடு நடுராத்திரியிலேயே புறப்பட்டு, விடிவதற்குள் ஆசாத் மைதானம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் வழக்கம்போல பஸ் பிடித்துப் பரீட்சைக்குப் போனேன். பாதம் வெடித்துக் கிடந்தவர்களை எழுப்பி, ‘இப்பவே கிளம்பலாம்’ என்று முதலில் சொன்னது யார்? யாராவது மறுத்தார்களா? எங்களுக்காகத் தூக்கத்தை விட்டவர்களைப் பற்றி இதெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கதைகளும் படிக்கிறேன். என்னை எழுத உட்காரவைத்தது என்னவோ இந்தக் கேள்விகள்தான்.

கே: நானும் கல்லூரி மாணவன். எங்கள் பக்கத்துப் போராட்டம் ஒன்றைப் பற்றி எழுத ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– மாணவர், தூத்துக்குடி

ப: கோரிக்கைப் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. கூட்டத்தையும் கோஷத்தையும் எல்லாரும் எழுதிவிடுவார்கள். என்ன கேட்டார்கள், எதை முதலில் கேட்டார்கள் என்று பார்த்தால் அந்த ஜனங்களின் வாழ்க்கை தெரியும்.

1982 ஜனவரி 18-ஆம் தேதி தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி, போனஸ் என்று மட்டும் படித்துவிட்டுப் போனால் அது வெறும் சம்பளத் தகராறு. பத்லிகளை நிரந்தரமாக்கு என்று ஒரு கோரிக்கை இருந்தது. பத்லி என்றால், இன்றைக்கு யாராவது வரவில்லையென்றால் அந்த இடத்தில் வேலை கிடைக்கும் என்று தினமும் காலையில் மில் வாசலில் காத்து நிற்பவர். வருஷக்கணக்கில் இப்படி நின்றவர்கள் உண்டு. இன்னொன்று, 1946-ஆம் ஆண்டு பம்பாய் தொழிலுறவுச் சட்டத்தை நீக்கு என்பது. அந்தச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற ஒரே ஒரு சங்கம்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேச முடியும். தங்களுக்காக யார் பேசுவது என்பதையே தொழிலாளர்கள் கேட்டார்கள். கூலிக்குச் சமமாக இதையும் கேட்டார்கள் என்று புரிந்த அன்றைக்கு என் கட்டுரையின் முதல் பக்கத்தை முழுக்க மாற்றி எழுதினேன்.

அடுத்து, ஊர்வலத்தில் இல்லாதவர்களைத் தேடுங்கள். கிராமத்திலிருந்து ஒண்டியாக வந்து மில்லில் வேலை செய்தவர்களுக்குச் சோறு போட்டது கானாவள் (வீட்டுச் சாப்பாட்டு மெஸ்) நடத்திய பெண்கள். லால்பாக்கில் ஒரு சாளில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பு), அப்படிச் சமைத்துப்போட்ட ஒரு ஆஜியின் (பாட்டியின்) கணக்கு நோட்டைப் பார்த்தேன். சிவப்புத் துணி அட்டை, எண்ணெய்க் கறை. ஒவ்வொரு பக்கத்திலும் ஆள் பெயர், வேளை, வாங்கிய பணம். 1982 பிப்ரவரியிலிருந்து பணக் கட்டம் காலியாகிறது, வேளைக் கட்டத்தில் மட்டும் கோடுகள் தொடர்கின்றன. சில மாதத்துக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு நின்றுபோகிறது. அப்புறம் ஒவ்வொரு பெயராகக் குறைகிறது. ‘ஊருக்குப் போய்விட்டான்’ என்று ஆஜி விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார். வேலைநிறுத்தம் எப்படித் தாக்குப்பிடித்தது, எப்படித் தளர்ந்தது என்பது எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கும் அரசு ஆவணக் காப்பகத்துக்கும் கட்டாயம் போக வேண்டியதுதான். ஆனால் சமையலறையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

மூன்றாவதாகச் சொல்வதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: கூட்டம் கலைந்த பிறகும் எழுதுங்கள். 1982 வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் வாங்கப்படவே இல்லை. மில் வாசல்களில் இன்று மால்களும் மாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. பழைய தொழிலாளர்களும் அவர்கள் வாரிசுகளும் வீடு கேட்டு இன்னும் ஆசாத் மைதானத்தில் உட்காருகிறார்கள். 2018-இல் விவசாயிகளுக்கு அரசு எழுத்திலேயே உறுதி தந்தது. 2023 மார்ச்சில் அவர்கள் மறுபடியும் நடந்தார்கள், இந்த முறை தானே மாவட்டத்து வாசிந்த் வரைக்கும். முதல் நடையைப் படம் எடுத்த ஊரில் இந்த நடை எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதுகிறவருக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து அதே வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

கே: உங்கள் எழுத்து போராட்டக்காரர்கள் பக்கமே சாய்கிறதே. வரலாற்று மாணவிக்கு இது அழகா?
– வாசகர், செம்பூர்

ப: நான் தொழிலாளர்கள் பக்கம்தான் ஐயா. அதனால்தான் தோல்வியையும் முழுசாக எழுத வேண்டியிருக்கிறது. பின்வாங்குவதற்கு வழியே வைக்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது பற்றி அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே இன்றும் சண்டை நடக்கிறது. பட்டினி தாங்காமல் மில்லுக்குத் திரும்பியவர்கள் பலர். அவர்களைத் துரோகி என்று என்னால் எழுத முடியாது. பிள்ளைக்குப் பாலில்லாத வீட்டில் எடுத்த முடிவு அது. முதலாளிகள் தரப்பில் விசைத்தறிப் போட்டி, பழைய இயந்திரங்கள் என்று சொன்னதையும் படித்து எழுதினேன். அதையெல்லாம் படித்த பிறகும் என் பக்கம் மாறவில்லை.

கே: போலீஸ், வழக்கு என்று வீட்டில் பயப்படவில்லையா?
– வாசகி, பாண்டுப்

ப: அம்மாவுக்குப் பயம் உண்டு. எங்கே போகிறேன், யாரோடு போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். அவர் கேட்பது நியாயம்தான்.

கே: மும்பைப் போராட்டங்களைத் தமிழில் எழுதி யார் படிக்கப்போகிறார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

ப: உங்கள் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டும் அண்ணாச்சி. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்திய வேலைநிறுத்தம் ஜெயித்தது. மார்ச்சில் அவர்களைக் கைது செய்ததும் திருநெல்வேலி கொதித்தது. அதே வருஷம் ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷத் தண்டனை என்றதும், வருஷத்துக்கு ஒரு நாளாக ஆறு நாள் மும்பை மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஐந்தே மாத இடைவெளி. எங்கள் தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் உங்கள் ஜில்லா. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தமிழில் எழுத இங்கிருந்து ஒருவர் வேண்டாமா? அடுத்த கட்டுரைக்கு அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

உங்கள் எல்லாரிடமும் ஒரு உதவி. தாத்தாவின் சங்க அட்டை, சந்தா ரசீது, மில் அடையாள வில்லை, போராட்ட நோட்டீஸ் ஏதாவது பெட்டியில் இருந்தால் பழைய பேப்பரோடு ரத்திக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முன்னும் பின்னும் படமெடுத்து, யாருடையது, எந்த மில், எந்த வருஷம் என்று ஒரு வரி எழுதி பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.